காரைக்குடியில் ஒரு மாணவனைத் தேடி

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி செல்லும் இருப்புப்பாதையில் பயணம் செய்வோர், அறந்தாங்கியைக் கடந்ததும் நிலத்தின் நிறம் மாறுவதைக் காணலாம். தென்னந்தோப்புகளும் வயல்களும் பின்தங்கிவிட, செம்மண்ணும் கருவேல மரங்களும் முன்வந்து நிற்கும். அகலப்பாதையாக மாற்றுவதற்காகப் பல்லாண்டுகள் மூடிக்கிடந்த தடம் அது. இப்போது மீண்டும் வண்டி ஓடுகிறது. சன்னலோரத்தில் அமர்ந்திருந்தேனே ஒழிய, அன்று எனக்கு எந்தக் காட்சியிலும் மனம் செல்லவில்லை.

நான் சென்றது ஊர் பார்ப்பதற்கன்று. எங்கள் மதரஸா விடுதியிலிருந்து சொல்லாமல் ஓடிப்போன பத்து வயதுச் சிறுவன் ஒருவனைக் காண்பதற்காகச் சென்றேன்.

எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள நாற்பத்திரண்டு சிறுவர்கள் எங்கள் விடுதியில் தங்கி ஓதுகிறார்கள். பகலில் அருகிலுள்ள பள்ளிக்கும் செல்கிறார்கள். சிறுவர் பிரிவின் பொறுப்பு பதினோரு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் சுபுஹு தொழுகையின்போது அந்தச் சிறுவனின் பாய் காலியாக இருந்தது. கிணற்றுக்குள் விளக்கடித்துப் பார்த்தோம். குளக்கரைக்கு ஓடினோம். பேருந்து நிலையத்தில் விசாரித்தோம். அந்த நான்கு மணி நேரம் என் வாழ்நாளில் மறக்கக்கூடியதன்று. பத்து மணிக்குக் காரைக்குடியிலிருந்து தொலைபேசி வந்தது. பையன் தன் நன்னியின் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். சேர்த்து வைத்திருந்த பெருநாள் காசை எடுத்துக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் ஏறியிருக்கிறான். நடத்துநர் கேட்டபோது, முன் இருக்கையில் மாமா இருக்கிறார் என்று துணிந்து ஒரு பொய் சொல்லியிருக்கிறான்.

“ஓடிப்போன பையனை மறுபடியும் சேர்த்தால் மற்றவர்களும் ஓடுவார்கள், பெயரை அடித்துவிடுங்கள்” என்பதே நிர்வாகத்தில் பலருடைய கருத்து. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், பிறகு அடிக்கலாம் என்றேன். அப்படிச் சொல்ல வைத்தது பெருந்தன்மையன்று. அவன் ஓடிப்போவதற்கு முந்தின நாள் காலையில் அவன் உள்ளங்கையில் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தவன் நான்தான். ஒரே வாரத்தில் மூன்று முறை சுபுஹு ஜமாஅத்துக்கு அவன் வரவில்லை. ஏன் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. அடித்ததுடன் நில்லாமல், மற்றப் பிள்ளைகள் பசியாறும் வரை அவனைச் சுவரோரம் நிற்கவும் வைத்திருந்தேன்.

காரைக்குடி எனக்குப் புதிய ஊரன்று. மதரஸாவில் பணி செய்துகொண்டே அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படித்தவன் நான். தேர்வுக்காகவும் வேறு அலுவல்களுக்காகவும் பலமுறை வந்திருக்கிறேன். ஆயினும் அன்று நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கால்கள் அந்தச் சிறுவனின் தெருப்பக்கம் திரும்ப மறுத்தன. ஒரு பாட்டியின் முகத்தில் விழிக்க அஞ்சி, ஏதோ வேலை இருப்பவனைப் போல் கல்லூரிச் சாலைப் பக்கம் சென்று ஒரு மணி நேரம் சுற்றித் திரிந்தேன்.

அந்தப் பகுதி உருவான வரலாறு வாசகர்களில் பலர் அறிந்ததே. அடுத்துள்ள கோட்டையூரில் 1909-இல் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். 1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், மாவட்டங்களில் கல்லூரிகள் தோன்றச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் வேண்டுகோள் விடுத்தார். அழகப்பர் அந்த அவையிலேயே எழுந்து, காரைக்குடியில் தாம் தொடங்குவதாக அறிவித்தார். அந்த ஆண்டே கல்லூரி தொடங்கிவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பொட்டல் வெளியாகக் கிடந்த மண்ணில் பொறியியல் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று அடுத்தடுத்து எழுந்தன. கொடிய தொழுநோயால் உடல் வருந்தியபோதும் இவ்வளவையும் செய்துவிட்டு, 1957-இல் நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னர் அவர் மறைந்தார்.

கல்லூரிகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்தத் தொகுப்பில் மாண்டிசோரி மழலையர் பள்ளியும், பெரிய பள்ளிக்குச் சிறுவர்களை ஆயத்தம் செய்யும் பிரிபரேட்டரி பள்ளியும் இருப்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து, போர் முடியும் வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். பிள்ளையின் உயரத்துக்கு நாற்காலி, பிள்ளையின் கைக்கு எட்டும் அலமாரி என்பது அவர் முறையின் தொடக்கப் பாடம். எங்கள் விடுதியை நினைத்துப் பார்த்தேன். விளக்கின் சுவிட்சுகள் அனைத்தும் என் தலைக்கு நேராக இருந்தன.

நண்பகலுக்குப் பின்னர் துணிவு பெற்றுச் சென்றேன். ஒடுங்கிய சந்து ஒன்றில் ஓட்டு வீடு. திண்ணையில் ஆத்தங்குடிக் கற்கள் பதித்திருந்தார்கள். பெரிய வீடுகளுக்குப் போக மிஞ்சிய உடைசல்கள் என்பது பூக்கோலம் ஒன்றுக்கொன்று சேராததிலேயே தெரிந்தது. ஸலாம் சொன்னேன். எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி, தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்க அஜரத்து, உக்காருங்க” என்று பாயை விரித்தார். கோபத்தை எதிர்பார்த்துச் சென்றவனுக்குத் தேநீர் வந்தது. சிறுவன் கதவிடுக்கில் ஒரு கண்ணைக் காட்டிவிட்டு மறைந்தான்.

தேநீர் தீரும் வரை காத்திருந்து அந்த அம்மையார் பேசினார்: “புள்ளய அடிச்சதுக்கு நான் கேக்கல அஜரத்து. ஓதிக் குடுக்குறவுக அடிப்பீக. ஆனா சுபுஹுக்கு வரலைன்னுதான அடிச்சீக? உடுப்பெல்லாம் ஈரமாக் கெடக்க, பள்ளிக்குள்ள எப்புடி வருவான்? நீங்கதான தொழுகைக்கு உடுப்பு சுத்தமா இருக்கணும்னு சொல்லிக் குடுத்தீக?”

எனக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. விளங்கியபோது தலை நிமிரவில்லை.

கதவுக்கு அப்பாலிருந்து சிறுவனின் தாயார் மற்றதைச் சொன்னார். ஐந்து வயதுக்குப் பின்னர் அவனுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. தந்தை மலேசியாவில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார். தங்கை பிறந்தது மூன்று மாதங்களுக்கு முன்பு. கைக்குழந்தையுடன் சமாளிக்க இயலாது என்றே இவனை விடுதியில் சேர்த்தார்கள். சேர்ந்த இரண்டாவது வாரத்திலிருந்து இரவில் படுக்கை நனைந்திருக்கிறது. மற்றவர்கள் எழுமுன் பாயைச் சுருட்டிக் கொல்லைப்புறம் சென்று, துணியை அலசி, அது காயும் வரை குளியலறைக்குள் ஒளிந்து நின்றிருக்கிறான். அந்த நேரத்தில்தான் நான் வரிசையில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் தொழுகையை விட்டது சோம்பலால் அன்று. தொழுகைக்குத் தூய்மை வேண்டும் என்று நான் கற்பித்த பாடத்தை நம்பியதால் விட்டிருக்கிறான்.

ஆண்டுதோறும் ஒரு ஹதீஸை வகுப்பில் நடத்துகிறேன். நாட்டுப்புறத்து அரபி ஒருவர் மஸ்ஜிதுந் நபவிக்குள் சிறுநீர் கழித்துவிட்டார். தோழர்கள் அவர்மீது பாய எழுந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் முடிக்கும் வரை விடச் சொல்லி, பின்பு ஒரு வாளி நீரை ஊற்றச் செய்தார்கள். அதிலிருந்து பெறப்படும் சட்டங்களை வரிசையாகச் சொல்லிக்கொடுப்பேன். தரை எப்படித் தூய்மையாகும், எவ்வளவு நீர் வேண்டும் என்றெல்லாம். அந்த மனிதர் அப்போது எவ்வளவு கூசியிருப்பார் என்று ஒருமுறையும் மாணவர்களிடம் கேட்டதில்லை.

அஸருக்குப் பின்னர், ஊரைக் காட்டுகிறாயா என்று சிறுவனிடம் கேட்டேன். நன்னி தலையசைத்தார். இரண்டு முழம் தள்ளியே நடந்து வந்தான். செட்டிநாட்டு வீடுகளின் தெரு அது. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்கட்டு அடுத்த தெருவில் முடிகிறது. பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டையின் வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் அமைப்பு இவற்றைக் காண அயல்நாட்டாரும் வருகிறார்கள். திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகள் பல. ஒரு வீட்டுக் காவலர் பெரியவர் சிறுவனை அடையாளம் கண்டு, எங்களை வளவு வரை அனுமதித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தபோது தரை குளிர்ந்திருந்தது.

இந்தச் செல்வத்தின் அடியிலும் வீட்டைப் பிரிந்த சிறுவர்கள் இருந்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை எங்கும் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய காலத்தில், கடைக்குப் ‘பெட்டியடிப் பையன்’ என்று ஒருவன் இருப்பான். கணக்கும் எண்சுவடியும் கற்றவுடன் இளம் வயதிலேயே கப்பலேறியவன். கிட்டங்கியின் தரையில் பெட்டிக்கு அருகிலேயே படுப்பான். மேலாளுக்கு ஏவல் செய்துகொண்டே தொழில் பழகுவான். மூன்றாண்டு போல ஒரு தவணை முடிந்த பிறகே ஊர் திரும்புவான். 1929–30-இல் நடந்த பர்மா வங்கி விசாரணை, அந்நாட்டில் மட்டும் செட்டியார் கடைகள் ஆயிரத்து அறுநூறுக்கு மேல் இருந்ததாகக் கணக்கிட்டது. எத்தனை சிறுவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இதே மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938-இல் பதினெட்டு வயதில் சுமத்திராவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் அவருடைய இரு நாவல்களும் அந்த வாழ்விலிருந்து பிறந்தவை. நம் சமுதாயத்துக் கடற்கரை ஊர்களிலும் சபுராளிகளின் கதை ஏறத்தாழ இதுதான். மீண்டு வந்து மாளிகை கட்டியவர்களை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. தரையில் படுத்து அழுத பையன்களை யார் கணக்கெடுத்தார்கள்? ‘அந்தக் காலத்தில் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்கினார்கள்’ என்று நாம் சொல்லும்போது, தாங்காதவர்கள் அங்கிருந்து பேச வரமாட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

வளவின் படியில் சற்று அமர்ந்தோம். “தம்பி, நான் அடித்தது தவறு. காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் அடித்தேன்” என்றேன். ஓர் ஆசிரியன் மாணவனிடம் இவ்வாறு சொல்லலாமா என்று சில ஆலிம் நண்பர்கள் பின்னர் வினவினார்கள். சொன்ன எனக்கும் நா எளிதில் புரளவில்லை. அவன் தரையின் பூவை விரலால் வரைந்துகொண்டிருந்தான். நெடுநேரம் கழித்து ஒன்று கேட்டான்.

“கக்கூஸுக்குப் போற வழியில லைட்டு எரியுமா அஜரத்து?”

எங்கள் விடுதியின் கழிப்பறைகள் முற்றத்தைக் கடந்து, வேப்பமரத்துக்கு அப்பால் இருக்கின்றன. மின்கட்டணம் மிகுகிறது என்று இரவு பத்து மணிக்கு முற்றத்து விளக்கை அணைக்க உத்தரவிட்டவனும் நான்தான். பாம்பு வரும் என்று மூத்த பையன்கள் வேறு பயமுறுத்தியிருக்கிறார்கள். அவன் சில இரவுகள் விழித்தே கிடந்து, இருட்டைப் பார்த்து, எழுந்து போக அஞ்சி, அப்படியே உறங்கிப்போயிருக்கிறான்.

அன்றிரவு நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கினேன். தேர்வு எழுத வந்த நாட்களில் அறிமுகமானவர். இப்போது இந்த மாவட்டத்தில் விடுதியுடன் கூடிய ஆண்பிள்ளைகளின் தொடக்கப்பள்ளி ஒன்றுக்குத் தலைமையாசிரியர். தம் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் நடந்ததைச் சொன்னதும் அவர் வியப்படையவில்லை. “இந்த வேலையில் பாடத்திட்டம் பாதிகூட இல்லை. மீதியெல்லாம் சோறு, தூக்கம், வயிறு, அழுகை” என்றார்.

அவர் கூறியவற்றைப் பிள்ளைகளை விடுதியில் சேர்த்திருக்கும் தாய்மார்களுக்காகவும் எழுதுகிறேன். புதிதாக வந்த சிறுவனிடம் முதல் மாதம் அவர் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதே இல்லையாம். அவன் தட்டில் மிஞ்சுவதைத்தான் பார்ப்பாராம். பகலில் ஓடி விளையாடுபவனுக்கும் உணவு நேரத்திலும் விளக்கணைத்த பின்பும் வீட்டு ஏக்கம் திரும்பி வரும். அதனால் அந்த இரு வேளைகளிலும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளுடன் உட்கார வேண்டும். மேற்பார்வைக்கு நிற்பது போதாது. தினமும் காலையில் வாயிலில் நின்று ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அழைத்து முகம் பார்ப்பது அவருடைய வழக்கம். நேற்றைய முகம் தெரிந்தால்தானே இன்றைய மாற்றம் தெரியும் என்றார். ஆசிரியரிடம் சொல்லக் கூசுவதைச் சமையல்கார அம்மாளிடம் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே வாரம் ஒருமுறை அவரையும் அமர்த்திப் பேசுகிறார்.

படுக்கை நனைப்பதைப் பற்றி நான் கேட்க வெட்கப்பட்டேன். அவரே தொடங்கினார். பத்து வயதிலும் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவருக்கு இது உண்டு என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வேண்டுமென்று செய்வதன்று. ஆழ்ந்த உறக்கத்தில் உடல் எழுப்பும் அறிகுறி மூளைக்கு எட்டுவதில்லை. ஒருமுறை நின்றுபோனது மீண்டும் தொடங்கினால் கவனிக்க வேண்டும். பிரிவும் அச்சமும் காரணமாகலாம். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அரிதாகச் சர்க்கரை நோயும் காரணமாகலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டுவது கடமை. தண்டனையால் இது கூடுமே தவிரக் குறையாது. அவர் விடுதியில் பூட்டாத ஓர் அலமாரியில் மாற்று விரிப்புகளும் கைலிகளும் இருக்கின்றன. யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஈரத்துணிக்கென்று மூடியுள்ள ஒரு கூடை தனியே இருக்கிறது. இதற்கு ஆகும் செலவு எங்கள் ஆண்டு விழாவின் மேடை அலங்காரச் செலவில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா என்பது ஐயமே.

பேச்சு பிரம்புக்கு வந்தது. பள்ளிகளில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. ஆனால் 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. இதை நண்பர் சொன்னபோது, ‘அப்படியானால் நம்மைக் கேட்பவர் இல்லை’ என்று ஒரு கணம் நெஞ்சின் ஓரத்தில் நிம்மதி எழுந்ததை நான் மறைக்கப் போவதில்லை. அடுத்த கணமே அது கசந்தது. மாணவர்களிடம், அதிலும் சிறுவர்களிடம், கடுமை காட்டினால் சோம்பலும் பொய்யும் வஞ்சகமும் வளரும் என்று இப்னு கல்தூன் 1377-இல் தம் ‘முகத்திமா’வில் எழுதியிருக்கிறார். நடத்துநரிடம் எங்கள் பையன் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரைக்குடியிலிருந்து மானாமதுரை வழியாக இரயில் செல்லும் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்தபோது கணித ஆசிரியர் ஒருவரிடம் பிரம்படி பட்டதையும், பின்னர் முழு மதிப்பெண் பெற்றதும் அதே ஆசிரியர் பள்ளிக் கூட்டத்தில் அந்த அடியைச் சொல்லிப் புகழ்ந்ததையும் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மதரஸா மேடைகளில் நாங்கள் இதை விரும்பிச் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அதே நூலில், வீட்டை விட்டு வந்த அவர் தாயின் கைச்சமையலை நினைத்து ஏங்கியதும், அய்யாதுரை சாலமன் என்னும் ஆசிரியர் அவரை அன்போடு பழகி உருவாக்கியதும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை நாங்கள் மேடையில் சொல்வதில்லை.

மறுநாள் காலை விடைபெறச் சென்றபோது பையனை என்னோடு அனுப்ப நன்னி இசையவில்லை. “டாக்டருட்ட காட்டிட்டு, அவனா வாரேன்னு சொன்னா அனுப்புறேன் அஜரத்து. இல்லாட்டி இங்கேயே பள்ளிக்கூடத்துல போடுறோம். சாயங்காலம் இங்க மக்தபும் இருக்கு” என்றார். அது நியாயமாகவே பட்டது. தங்கையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்த பையன் ஸலாம் சொன்னான். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பதிவேட்டில் அவன் பெயரை அடிக்கவில்லை. நிர்வாகத்தாரிடம் காரணத்தை முழுதும் சொல்லாமல், மருத்துவ விடுப்பு என்று மட்டும் எழுதினேன். பிரம்பை என் அறையிலிருந்து அகற்றினேன். மின்பணியாளரை வரவழைத்து, முற்றத்தில் ஒன்றும் வேப்பமரத்தடியில் ஒன்றுமாக இரண்டு விளக்குகள் போட்டு, சுவிட்சைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இறக்கி வைக்கச் சொன்னேன். ‘இரவு முழுவதும் எரியும், யாரும் அணைக்கக் கூடாது’ என்று இஷாவுக்குப் பின் அறிவித்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு உறக்கம் வராமல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். பத்து மணியிலிருந்து சுபுஹு பாங்கு வரை எழுந்து அந்த வெளிச்சத்தில் நடந்து போய் வந்த பிள்ளைகளை எண்ணினேன். பதினொரு பேர்.